வைப்பாற்றின் நடுவயிறு

பட்டாசு செய்யும் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் அது கெட்ட செய்தி. வெளியூர்க்காரர்கள் இதை லேசில் நம்புவதில்லை. தீபாவளிக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்கு அனுப்பும் வட்டாரம் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பகல் பொழுதில் சாலையோரம் இறங்கி நின்றால், காதில் விழுவது கௌதாரியின் கூப்பாடும், எங்கோ ஆட்டுக் கழுத்து மணியும், காற்றில் சோளத்தட்டை உரசும் ஓசையும்தான். ஆலைக்குள் செல்போன் கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது, வீண் பேச்சும் கூடாது. அந்த அமைதி உடைந்தால், வீட்டில் இருப்பவர்கள் தெருவுக்கு ஓடிவந்து எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்ப்பார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியிலும் ஆலை வெடித்துப் புகை எழுந்தபோது அப்படித்தான் ஓடிவந்து பார்த்தார்கள்.

எங்கள் வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தப் புகையைத்தான் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால், புகைக்குக் கீழே ஒரு நிலம் கிடக்கிறது. கண்மாயும் கரிசலும் உடைமரக் காடும் ஓடையுமாகக் கிடக்கும் அந்த நிலத்தைப் பற்றி எழுத ஆளில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வெம்பக்கோட்டை அணையின் கரையில் தை மாதத்தில் ஏறி நின்றால் இரண்டு காட்சிகள் ஒருசேரக் கிடைக்கும். காலடியில் வைப்பாற்று நீர். ஓரச் சேற்றில் நத்தைகுத்தி நாரைகளும் நெடுங்கால் உள்ளான்களும் மேயும். நடுவில் பட்டுப்போன மரக்கிளையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். நிமிர்ந்து மேற்கே பார்த்தால் நீலக்கோடாக மேற்குத் தொடர்ச்சி மலை. வைப்பாற்று வடிநிலத்துக்கு நீர் தரும் சரிவுகள் அங்கேதான் இருக்கின்றன. தேவியாறு, காயல்குடியாறு, முடங்கியாறு, அர்ச்சுனா நதி என்று ஊருக்கொரு பேர் வைத்துக்கொண்டு இறங்கிவந்து ஒன்றோடொன்று சேர்கிற ஓடைகள்தாம் இந்த ஆறு.

அந்த மலைக்குக் காவல் இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அறிவித்தார்கள். பரப்பு ஏறக்குறைய 480 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அதை மேகமலைச் சரணாலயத்தோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். 1,016 சதுர கிலோமீட்டர். நாட்டின் 51-வது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் 5-வது. அப்போது சொன்ன காரணங்களில் புலி ஒன்று, வைகை இன்னொன்று. காடு பிழைத்தால் வைகைக்கு நீர் பெருகும் என்றார்கள். காட்டுக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவை அரசே ஒப்புக்கொண்ட நல்ல தருணம் அது. அதே மலையின் இந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து வைப்பாறும் நீர் பெறுகிறதே என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. வைகைக்குப் பாட்டும் திருவிழாவும் உண்டு. வைப்பாற்றுக்கு இருக்கன்குடி மாரியம்மனைத் தவிர ஆள் பலம் கிடையாது.

ஆற்றின் கடைக்கோடிக்கும் காவல் இருக்கிறது. சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் தாண்டி, தூத்துக்குடி மாவட்டத்துச் சிப்பிகுளம் அருகே வைப்பாறு மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அந்தக் கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது.

தலைமாட்டில் புலிக்குக் காவல், கால்மாட்டில் கடற்பசுவுக்குக் காவல். நடுவயிறு திறந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சர் தலங்கள். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பக்கத்து ராமநாதபுரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று வரிசையாகக் கண்மாய்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தெற்கே திருநெல்வேலியில் கூந்தன்குளம். நடுவே இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கண்மாய்கூட இல்லை. பறவை ஒன்றும் மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லையே!

காரணத்தை மலையிலும் கடலிலும் தேட வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்துப் பீரோவைத் திறந்தால் போதும். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் இந்த நிலங்களுக்கு எதிரே இருக்கும் சொல் ‘தரிசு’. அதிலும் இரண்டு வகை. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. தீர்வை என்றால் வரி. வெள்ளைக்காரன் காலத்து நில அளவைக்கு ஒரே கேள்விதான்: இந்த நிலம் கஜானாவுக்கு என்ன தரும்? ஒன்றும் தராதது எல்லாம் தரிசு. அங்கே என்ன புல் முளைக்கிறது, எத்தனை ஆடு மேய்கிறது, எந்தப் பறவை தரையில் முட்டையிடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. நாமோ சுதந்திரம் வந்து இத்தனை காலம் கழித்தும் அதே வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றிய அரசு 2000-ம் ஆண்டிலிருந்து செயற்கைக்கோள் படங்களை வைத்து ‘தரிசு நில வரைபடத் தொகுப்பு’ வெளியிட்டு வருகிறது. புதர்க்காடு அதில் தரிசின் ஒரு வகை. வானத்திலிருந்து பார்த்தாலும் தாலுகா அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தாலும் நம் கண்ணுக்கு அது வெறும் நிலம்.

பங்குனியில் ஒரு நாள் ஆற்றோரம் கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இந்தத் தரிசு எதுவரைக்கும் போகுது தாத்தா?” என்று கேட்டுவிட்டேன். “தரிசுங்கிறீகளே தம்பி, நூத்தம்பது உருப்படிக்கு இதுலதான வயிறு ரொம்புது?” என்றார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. பாஷை தெரியாத ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தொனி.

அவருடைய நிலத்துக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: மேய்க்கால், மந்தை, கரம்பை, உள்வாய், ஓடங்கரை. ஒவ்வொரு சொல்லும் ஒரு பயன்பாடு. கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அதில் இருக்கும் செடி, பூச்சி, மண், காற்று பற்றிய சொற்களை மட்டும் தனியே எடுத்துவைத்தால், கரிசலின் முதல் இயற்கை வரலாற்று நூல் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

கண்மாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர்ப்பக்கம் பழக்கம் விட்டுப்போனவர்களுக்குக் கண்மாய் என்றால் ஒரு பெரிய குளம். அது குளம் மட்டும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரியும் நிலத்தில், பிறை வடிவில் ஒரு கரை போட்டு மழைநீரை மறிக்கிறார்கள். கரையில் மடை, ஓரத்தில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாயும். மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. இப்படி ஒன்றின் எச்சிலை ஒன்று குடித்து, கடைசிக் கண்மாயின் மறுகால் ஓடையில் விழுந்து ஆற்றைச் சேரும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற ஊரில், சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும் கீழே உள்ளவனுக்குச் சொட்டு இல்லை. ஒரு கண்மாயை மட்டும் காப்பாற்றுவது என்பதே அதனால் அர்த்தமில்லாத காரியம்.

கண்மாய் நாலு மாதம் குளம். நாரையும் கொக்கும் வாத்தும் வந்து இறங்குவது அப்போது. அடுத்த நாலு மாதம் அது புல்வெளி. நீர் வற்ற வற்ற உள்வாயில் பச்சைப்புல் நீரைத் துரத்திக்கொண்டே போகும், ஆடு மாடுகள் புல்லைத் துரத்திக்கொண்டு போகும். கடைசி நீர் முழங்காலளவு நிற்கும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். மிச்சமுள்ள மாதங்களில் அது வெடித்த பூமி. அந்த வெடிப்புக்குள் தவளையும் தேளும் பாம்பும் வெயிலுக்கு ஒதுங்கிக் கிடக்கும். வண்டிகட்டி வண்டலை அள்ளிப் புஞ்சைக்கு அடிப்பதும் இப்போதுதான். ஒரே இடம்தான், ஒரே ஆண்டுக்குள் மூன்று நிலமாகிவிடுகிறது. ஐரோப்பாவில் குளம், பொட்டல் புதர்வெளி, காடு மூன்றும் கலந்த பகுதிகளை இயற்கைப் பூங்காவாக அறிவித்து, அவற்றின் நடுவே ஊர்களும் ஆட்டுப்பட்டிகளும் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் இதில் பேர்போன நாடு. அங்கே அந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நம் ஊரில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்துபோகின்றன.

சட்டத்துக்கு இது புரியவில்லை. 2017-ம் ஆண்டின் ஈரநில விதிகளைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் அந்த விதிகளின்படி ஈரநிலம் ஆகாது. கையால் மண் சுமந்து கரை கட்டிய குற்றத்துக்காக நம் கண்மாய்கள் எல்லாம் வெளியே நிற்கின்றன. வேடந்தாங்கலும் பாசன ஏரிதான், கூந்தன்குளமும் பாசனக் குளம்தான். அவை உலகப் பட்டியலில் இருக்கின்றன. அதே வேலையைச் செய்யும் வெம்பக்கோட்டை வட்டாரக் கண்மாய்க்கு ஈரநிலம் என்ற பெயர்கூடக் கிடையாது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் மாநில அரசு கொண்டுவந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அது கண்மாயின் எல்லையைக் காக்கும். எல்லைக்குள் வாழ்கிற உயிர்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

நீர்நிலைகளுக்கு நேர்ந்த இன்னொரு கதை சீமைக்கருவேலம். வேலிக்கும் விறகுக்கும் என்று வந்த மரம், இன்று உள்வாய், ஓடை, ஆற்றுப்படுகை எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2017-ல் வெட்டச் சொன்னது, வெட்டினார்கள், மழைக்குப் பின் தளிர்த்தது. வேரோடு எடுக்காத வரை அது கிராப்பு வெட்டிய தலைபோல மறுபடி அடர்த்தியாகத்தான் வளரும். அதை எதிரியாக மட்டும் பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது கரிமூட்டத்தால்தான். மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்கும் தொழில் இந்த மரத்தை நம்பித்தான் இருக்கிறது. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் உள்வாய்களில் நட்ட நாட்டுக்கருவேலம் வேறு கதை. நீருக்குள் நிற்கும் அந்த மரங்களில்தான் தமிழ்நாட்டின் பல சரணாலயங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. இரண்டையும் ஒரே ‘கருவேலம்’ என்று எழுதி ஏலம் விடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சீமைக்கருவேலம் அடைத்த ஓடைகளில் காட்டுப்பன்றி தங்குகிறது. மக்காச்சோளம் போட்ட சம்சாரிகளைக் கேட்டுப் பாருங்கள், கண்ணீரும் வசவும் கலந்து வரும். வனப்பகுதியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு முடிவெடுத்தது. அதன் நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மலையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் சமவெளி வரை பன்றி எப்படி வருகிறது? ஓடை வழியாக. ஆறும் ஓடையும் ஒரே பாதை என்று விலங்குக்குத் தெரிந்திருக்கிறது. ‘காப்பகம் மலையடிவாரத்தோடு முடிந்தது’ என்ற அறிவிக்கையை அது படிக்கவில்லை.

இனி பட்டாசு. 1923-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை ஊரறிந்தது. தீப்பெட்டிக்கும் பின்னால் வந்த வெடிக்கும் இந்த மண் தோதாக அமைந்ததற்குக் காரணம் வறட்சி. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயத்தில் வருமானம் குறைவு, கூலிக்கு ஆள் அதிகம். இதோடு இன்னொரு காரணமும் சேர வேண்டும். ‘தரிசு’ என்று எழுதிவைத்த நிலம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது. வெடிபொருள் விதிகளின்படி மருந்து கலக்கும் அறைக்கும் சரக்கு வைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். ஆலைக்கும் சாலைக்கும் ஊருக்கும் நடுவேயும் இடைவெளி. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அதனால் சின்னச் சின்ன அறைகள், நடுவே வெற்றிடம், வேம்பு நிழல். பட்டாசு ஆலை என்பது பாதிக்கு மேல் வெறும் நிலம்தான்.

அந்த இடைவெளிதான் தொழிலாளியின் உயிர். விதிமீறல் என்று செய்தியில் வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த இடைவெளியைத் தின்றதுதான். அறைக்கு வெளியே மரத்தடியில் உட்காரவைப்பது, நாலு பேர் இடத்தில் எட்டுப் பேர், உள்குத்தகை. அதே இடைவெளியில்தான் மயிலும் முயலும் கௌதாரியும் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. தீக்குப் பயந்து மனிதன் விட்டுவைத்த நிலத்தில் அவை குடியேறிக்கொண்டன. இதை வைத்துப் பட்டாசு ஆலைகளை இயற்கைக் காவலர் ஆக்கும் கூத்துக்கு நான் வரவில்லை. காய்ந்த புல் தீப்பிடிக்கும் என்று அறைகளைச் சுற்றிச் செதுக்கித்தான் வைக்கிறார்கள். கழிவு மருந்தைக் காலியிடத்தில் எரிக்கப்போய் நடந்த விபத்துகள் இங்கே புதிதல்ல. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் மழையில் கரைந்தால் பள்ளம் நோக்கித்தான் போகும், பள்ளத்தில் கண்மாய் இருக்கிறது. பேரியம் நைட்ரேட்டுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது பேச்செல்லாம் டெல்லியின் காற்றைப் பற்றியே இருந்தது. அதே பொருளைக் கையாலள்ளிப் பிசைந்த ஊரின் மண்ணையும் ஊற்றுநீரையும் பற்றி எவ்வளவு பேசினோம்? வெம்பக்கோட்டை அணை நீர் சிவகாசிக்குக் குடிநீராகவும் போகிறது. காரியவாதியாகவே யோசித்தாலும், இந்த நீர்ப்பிடிப்பைக் காப்பது பட்டாசு நகரத்தின் சொந்த வேலை.

ஆண்டுதோறும் தீபாவளிக்கு முந்தின வாரம் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. கூந்தன்குளத்திலும் அப்படியே, ஈரோட்டு வெள்ளோட்டிலும் அப்படியே. நல்ல செய்தி. எங்கள் ஊர்த் தொழிலாளி அதைப் படிக்கும்போது என்ன நினைப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. பறவைக்காக வெடிக்காத ஊர் மேல் ஊர், வெடி செய்து பிழைக்கிற ஊர் கீழ் ஊர் என்று ஒரு தட்டுப்பிரிவு அந்தச் செய்திக்குள் ஒளிந்திருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் யாரையும் குறை சொல்லவில்லை, தங்கள் கண்மாயைத் தங்கள் வீட்டுத் தொழுவம்போல நினைக்கிறார்கள், அவ்வளவுதான். 1977-ல் அது சரணாலயம் ஆனது. அதற்கு முன்பே பறவைகளும் ஊராரின் ஒப்பந்தமும் இருந்தன. நமக்கு வேண்டியதும் அந்த ஒப்பந்தம்தான். அதற்கு வெடியை விட வேண்டியதில்லை, கண்மாயை விடாமல் இருந்தால் சரி.

சரணாலயம் என்றதும் எங்கள் பக்கத்துச் சனம் பயப்படுவதற்கு நியாயம் உண்டு. 2022 மார்ச்சில் மேகமலை வழக்கொன்றில் காடுகளுக்குள் மாடு மேய்க்க உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று அந்தத் தடையைச் சுருக்கியது. சுருக்கினாலும் மலையடிவாரத்துக்குப் பயனில்லை, அங்கே இருப்பதே புலிகள் காப்பகம்தானே. மலைமாட்டுக் கிடைகள் சமவெளிக்கு நகர்ந்தால், ஏற்கெனவே ஆட்டுக்கிடைக்குப் போதாத மேய்க்காலில் நெருக்கடி கூடும். மலையைக் காக்கும் செலவு யார் தலையில் விடிகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். சமவெளியிலும் அதே முள்வேலியைப் போட்டால் முதலில் பிடுங்கி எறிபவர்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

முள்வேலி இல்லாத வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம் இரண்டு புது வகைகளைக் கொண்டுவந்தது. அரசு நிலமானால் பாதுகாப்பு ஒதுக்ககம், ஊர் நிலமோ தனியார் நிலமோ ஆனால் சமுதாய ஒதுக்ககம். ஊர்க்காரர்களைக் கலந்து பேசாமல் அறிவிக்க முடியாது, மேலாண்மைக் குழுவில் ஊராட்சிக்கு இடம் உண்டு. நாட்டிலேயே முதல் பாதுகாப்பு ஒதுக்ககம் எங்கே வந்தது தெரியுமா? தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில், 2005-ல். பரப்பு 2.84 ஹெக்டேர், சுமார் ஏழு ஏக்கர். கோயிலை ஒட்டிய மரங்களில் பறவை கூடு கட்டுகிறது, அதைக் காக்க வேண்டும் என்று ஊர் விரும்பியது. ஏழு ஏக்கருக்குக் கிடைத்த சட்டம் வைப்பாற்றங்கரை ஓடைக்கும் கண்மாய்ச் சங்கிலிக்கும் கிடைக்காதா என்ன?

இன்னொரு வழி பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் பாரம்பரியத் தலம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், லகர் வல்லூறு, சமணப் படுகை, வட்டெழுத்து, நடுவே வயலும் ஊரும். குன்றும் குளமும் பொட்டலும் மனிதரும் கலந்த நிலத்தை, கலந்த நிலையிலேயே ஏற்றுக்கொண்ட அறிவிப்பு அது. பரப்பு 193 ஹெக்டேர். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அந்த மேலூர் வட்டார மக்கள் ஒப்பவில்லை. குன்றை விட்டுவிட்டுக் கண்மாயைத் தோண்டினால் குன்று என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் ஏலம் முழுதாக ரத்தானது. ஊர் எழுந்து நிற்காமல் வெறும் அறிவிப்பு எதையும் காத்துவிடாது. ஆனாலும் அந்த அறிவிப்பு இல்லாமல் இருந்திருந்தால் ‘அங்கே இருப்பது தரிசுதானே’ என்ற வாய்க்கு எதிர்வாய் கிடைத்திருக்காது.

வைப்பாற்றுக்கு நான் கேட்பது அந்த எதிர்வாயைத்தான். வெம்பக்கோட்டை அணையின் நீர்ப்பிடிப்பிலும், அதற்கு மேலே மலையடிவாரம் வரை உள்ள கண்மாய்ச் சங்கிலியிலும், ஆற்றின் இருகரைப் புறம்போக்கிலும் தொடர்ச்சியாக ஒரு நாடா. காப்பகத்தின் அடிவாரத்தில் தொடங்கி அணை வரை. அதற்குள் மேய்ச்சல் நடக்கட்டும், மீன் ஏலம் நடக்கட்டும், கரம்பை அள்ளட்டும், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துக் கரிமூட்டம் போடட்டும். புது மருந்துக் கிட்டங்கியும் செங்கல் சூளையும் சவுடு மண் குவாரியும் சூரிய மின்தகடும் அங்கே வேண்டாம். அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது. சூரிய மின்சாரத்தை இந்த வரிசையில் சேர்த்ததற்கு நண்பர்கள் சிலர் கோபிக்கலாம். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் எழுந்தபோது அதைப் பெருமையாகத்தான் பார்த்தோம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்லி நிலம் எடுப்பதை மட்டும் நிறுத்துங்கள் என்கிறேன்.

வேலைதான் முதல் கேள்வி என்பார்கள். ஆலைகளில் வேலை செய்வோரில் பெண்கள் நிறைய. மழைக்காலத்திலும் தீபாவளி முடிந்த கையோடும் ஆலைகள் மூடிக்கிடக்கும். ஓடையில் முள் எடுக்கவும், வரத்துக்கால் தூர்வாரவும், மடை கட்டவும் தோதான காலம் கோடை என்றாலும், கரை பார்க்கவும் கலுங்கு காக்கவும் மரம் நடவும் தேவை அந்த மழை மாதங்களில்தான். அந்தக் காலத்தில் மடை திறக்கவும் பங்கு பிரிக்கவும் ஊருக்கொரு நீர்க்கட்டி இருந்தார். நெல்லாகக் கூலி கொடுத்தார்கள். அந்தப் பதவி செத்துப்போனதோடு சேர்ந்து செத்ததுதான் கண்மாய். அதை மாதச் சம்பளத்துக்கு மீட்பதற்கு ஆகும் செலவு, ஒரு புலிக்காவல் முகாமுக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்காது.

அணைக்குப் பக்கத்தில், விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில் ஒரு மேடு இருக்கிறது. ஊரார் மேட்டுக்காடு என்பார்கள். 2022 மார்ச் 16-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. மூன்று கட்டங்களில் ஆயிரக்கணக்கான பொருள்கள் வந்தன. கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், காளை பொறித்த சூதுபவளக் கல், குவியல் குவியலாகச் சங்கு வளையல்கள். தந்தத்தில் செய்த பொருளும் கிடைத்தது. எனக்கு இதில் பிடித்தது சங்கும் தந்தமும். ஒன்று ஆறு போய்ச் சேரும் கடலிலிருந்து வந்திருக்க வேண்டும். மற்றது ஆறு புறப்படும் மலையின் விலங்கு தருவது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நடுவே ஒரு ஊர் வளையல் அறுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இந்த இடம் தரிசாக இருந்திருக்க முடியாது.

மேட்டைச் சுற்றி இன்று வேலி இருக்கிறது, கண்காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், பெருமையாக இருக்கிறது. வேலிக்கு வெளியே நாலு எட்டு வைத்தால் அதே ஆறு, அதே கரை, முள்காடு.

வைகாசி பிறந்தால் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுவோடு வரிசை வாசல் தாண்டி நிற்கும். ஊர்க் கணக்கை எல்லாம் மேசையில் விரித்து வைத்து அதிகாரி சரிபார்க்கிற நாட்கள் அவை. ‘அ’ பதிவேடும் அங்கேதான் இருக்கும். எந்தச் சர்வே எண்ணில் எந்தக் கண்மாயின் உள்வாய், எதில் மேய்க்கால், எதில் ஓடை என்று ஊராட்சிகள் ஒரு தீர்மானத்தோடு பட்டியல் எடுத்துக்கொண்டு, அந்த வரிசையில் போய் நிற்கலாம். தீர்வை ஏற்படாத தரிசு என்ற கலத்தில் வேறொரு சொல் எழுதச் சொல்லிக் கேட்கலாம். என்ன சொல் என்று அதிகாரி திருப்பிக் கேட்டால், கிடை போட்டிருக்கும் அந்தப் பெரியவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போவது நல்லது.